இடது மேலே, வலது கீழே

கையை ரெண்டு பக்கமும் நீட்டிக்குங்க. இன்னுங் கொஞ்சம். அப்படித்தான், சோளக்காட்டுப் பொம்மையாட்டம் நில்லுங்க. கூச்சப்படாதீங்க, எல்லாரும் மொதல்ல இப்படித்தான் நெளிவாங்க. ஏனுங்க, கோயமுத்தூருங்களா? எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு "எங்கங்க வெக்கறது"ன்னு கேட்டீங்க பாருங்க, அந்த "ங்க"வுலயே புடிச்சுட்டேன். நானும் நம்ம பக்கந்தான். பொறந்தது சென்னிமலை, கட்டிக்கொடுத்தது கோபி. பேரு தவமணி. இங்க தபமணி சான்ம்பாங்க. அவங்களுக்கு அவ்வளவுதான் நாக்கு வளையும். சான்னா நம்ம ஐயா, அம்மா மாதிரி மரியாதைக்குச் சேக்கறது.

இந்தக் கியோட்டோவுல வெளிநாட்டுக்காரங்களுக்குக் கிமோனோ கட்டி உட்டு, தேநீர் குடிக்க வெச்சு, நாலு வார்த்தை ஜப்பான் பாஷை சொல்லிக்குடுத்து அனுப்பற வீடுக நெறைய இருக்குதுங்க. ஆனா எங்க வீடு பேரான வீடு. வாசல்ல குனிஞ்சு உங்களை உள்ள கூப்பிட்டாங்களே, வெள்ளை முடி, அவங்கதான் முதலாளியம்மா. ஓகாமி சான்னு சொல்லணும். கண்டபடி யாரையும் வேலைக்கு வெக்க மாட்டாங்க. வெளிநாட்டுக்காரி, அதுலயும் நம்ம நெறத்துல ஒருத்தி, துணி கட்டி உடற வேலையில இந்தத் தெருவுலயே நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லலை, உள்ளதைச் சொல்றேன்.

மொத வார்த்தை இப்பவே கத்துக்குங்க. "ஓகினி." மத்த ஊர்ல அரிகாத்தோம்பாங்க, கியோட்டோவுல ஓகினி. நன்றின்னு அர்த்தம். சொல்லுங்க. ஓ-கி-னி. நல்லா வருதே! ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்குது. ஒருத்தரை நீங்க எங்கூட்டுக்கு வாங்கன்னு கூப்பிடறீங்க. அவங்க "ஓகினி, வர்றேன்"னு சொன்னா வருவாங்க. வெறும் "ஓகினி"ன்னு மட்டும் சொல்லிட்டுச் சிரிச்சா, மாட்டேன்னு அர்த்தம். இந்த ஊர்ல யாரும் மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. நம்ம கொங்கு மரியாதையை விட ஒருபடி மேல. நாம "ங்க" போட்டுத் திட்டுவோம், இவங்க புகழ்ந்தே திட்டிருவாங்க.

இப்பப் பாத்துக்குங்க. இது உங்களுக்கு முக்கியம். வலது பக்கத் துணி மொதல்ல உள்ள போகுது. அதுக்கு மேல இடது பக்கம். எப்பவும் இடது மேல. மாத்திப் போட்டா என்னன்னு கேக்கறீங்களா? செத்தவங்களுக்குத்தானுங்க அப்படிக் கட்டறது. பொட்டியில வெக்கறதுக்கு முன்னால ஊட்டுக்காரங்க கையாலயே வலதை மேல கொண்டாந்து மடிப்பாங்க. உசுரோட இருக்கறவங்க அப்படிக் கட்டிட்டு வந்தா, இங்க பாக்கறவங்களுக்குப் பொணம் எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கும்.

நம்ம ஊர்ப் பொம்பளைக அத்தனை பேரும் இதுல தப்புவாங்க. ஏன்னா நம்ம சேலை வலப்பக்கமிருந்து சுத்தி வந்து இடது தோள்ல ஏறுதில்லைங்க? கைக்கு அதுதான் பழக்கம். உட்டா வலதைத்தான் இழுத்து மேல போடும். வெள்ளைக்காரிக கூட அவ்வளவு தப்ப மாட்டாங்க. நாமதான்.

சிரிக்காதீங்க. இந்த ஒரு மடிப்புல ஒரு கண்ணாலமே நின்னுபோச்சு. மூச்சை இழுத்துப் புடிங்க, கயித்தைக் கட்டறேன். சொல்றேன், கேட்டுட்டே நில்லுங்க, இறுக்கறது தெரியாது.

எனக்கு நாத்தனார் ஒருத்தங்க, கமலவேணின்னு. எங்க ஊட்டுக்காரருக்கு மூத்தவங்க, நான் அண்ணின்னுதான் கூப்பிடுவேன். கோபியில பெரிய ஊடு. வீட்டுக்காரர் போயிச் சேந்து வருசமாச்சு. ஒரே பையன், தரணி. ஒசாகாவுல கம்ப்யூட்டர் வேலை. தங்கமான பையனுங்க. ஞாயித்துக்கெழமையானா "அத்தை, அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி வைங்க"ன்னு போன் பண்ணிட்டு வந்துருவான். இப்ப வர்றதில்லை. வேலை ஜாஸ்தியா இருக்கும்.

அவன் இங்க ஒரு பொண்ணு மேல ஆசைப்பட்டுட்டான். சியோரின்னு பேரு. கியோட்டோவுல பழைய குடும்பம், ஓகுரான்னு சொல்வாங்க. தேநீருக்குப் பூவாட்டம் இலையாட்டம் இனிப்பு வெப்பாங்களே, அது செய்யற கடை. நான் வேலை செய்யற இந்த வீட்டுக்கே அங்கருந்துதான் வந்துட்டு இருந்துச்சு. இப்பக் கொஞ்ச மாசமா ஓகாமி சான் வேற கடையில வாங்கறாங்க. ஏன்னு தெரியலை, அந்தச் சுவை இதுல இல்லை.

சேதி தெரிஞ்சதும் அண்ணி அழுது பொரண்டாங்க. பையன் ஒத்தக்கால்ல நின்னான். வேற வழியில்லைன்னு ஆனதும் ஒரே தலைகீழா மாறிட்டாங்க. ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டு, "எங்கூட்டுக்கு ஜப்பான்காரி மருமவளா வர்றா, பாத்துக்குங்க"ன்னு ஒரே பீத்தல். ஆனா ஒரு காரியம் பாக்கி இருந்துச்சு. பொண்ணோட அம்மாவை நேர்ல பாத்து முறையாக் கேக்கணும். அந்தம்மா வீட்டுக்காரர் அந்த மார்கழியிலதான் தவறியிருந்தாரு. "எங்கம்மா மனசு நோகற மாதிரி ஒரு அடி எடுத்து வெக்க மாட்டேன்"னு சியோரி தீத்துச் சொல்லிட்டா. ஆக, அந்த ஒரு சந்திப்புலதான் எல்லாமே.

பங்குனிக் கடைசியில வந்து எறங்குனாங்க அண்ணி. பூவெல்லாம் பூத்துக் கெடக்குது, ஊரே சனமா இருக்குது. ஏர்போர்ட்டுல நான் அவங்களுக்கு மரியாதையா இருக்கட்டும்னு சேலை கட்டிட்டுப் போய் நின்னேன். பொட்டியைத் தள்ளிட்டு வந்தவங்க என்னை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தாங்க. "ஏம் அம்மிணி, இத்தனை வருசமாச்சு, கொசுவம் இன்னும் வெளக்குமாத்தைக் கட்டுன மாதிரியேதான் வெக்கறயா?" அதுதான் மொத வார்த்தை. வந்தயா, நல்லா இருக்கறயான்னு கேக்கலை.

அது பழைய கதைங்க. கண்ணாலமாகிப் புதுசா வந்தப்ப, கோபியில அவங்க ஊட்டுல ஒரு சீரு விசேசம். மண்டபம் நெறைய ஒறம்பரை. எனக்கு மாங்காய் நெறத்துல சேலை, அரக்குக் கரை. எங்கப்பா தறியில எனக்குன்னே நெய்ஞ்சு குடுத்தது. பந்தியில எலை போட்டு, இனிப்புக்குக் கச்சாயம் வெச்சுட்டுப் போறாங்க, அப்ப அண்ணி என்ற முன்னால வந்து நின்னு, "தறிக்காரர் ஊட்டுப் புள்ளைக்கு நெய்யத் தெரியும், கட்டத் தெரியாது போல"ன்னு சொல்லிட்டு, அத்தனை பேருக்கு முன்னால என்ற கொசுவத்தைப் புடிச்சு ஒரே உருவா உருவிட்டாங்க. "வா, சொல்லித் தர்றேன்"னு சிரிச்சுட்டே. எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஒரு கையில துணியை அள்ளிப் புடிச்சுட்டு நின்னேன். எதிர்ப்பந்தியில எங்கப்பா குனிஞ்சு எலையையே பாத்துட்டு இருந்தாரு. அந்தக் கச்சாயத்தை அவர் தொடலை.

அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேனுங்க. ஏர்போர்ட்டுல அவங்க சொன்னதால ஞாவகம் வந்துச்சு, அவ்வளவுதான்.

திரும்புங்க. இந்தப் பக்கம். வலிக்குதுங்களா? கொஞ்சம் இறுக்கமா இருந்தாத்தான் நிக்கும்.

ஆனா பாவம்னும் சொல்லணும், எங்கூட்டுல இருந்த அந்த நாலஞ்சு நாளும் அண்ணி வேற ஆளா இருந்தாங்க. சமையக்கட்டுல நடந்துட்டே "ஹஜிமேமாஷித்தே, ஹஜிமேமாஷித்தே"ன்னு மொத வணக்கத்தை மனப்பாடம் பண்ணுவாங்க. முட்டியில வலி வேற, அதோட கீழ மண்டி போட்டு உக்காந்து பழகுவாங்க. காலு மரத்துப் போயி எந்திரிக்க முடியாம, செவுத்தைப் புடிச்சுட்டு எந்திரிப்பாங்க. பொண்ணுக்குன்னு பட்டுச் சேலை எடுத்துட்டு வந்திருந்தாங்க, அதைப் பிரிச்சுப் பிரிச்சு மடிப்பாங்க. போறதுக்கு முந்தின நாள் என்ற கையைப் புடிச்சுட்டு, "அம்மிணி, அவன் சந்தோசந்தான் எனக்கு. உன்னை நம்பித்தான் வந்திருக்கறேன். நான் ஏதாவது தப்புக் கிப்புப் பண்ணினா கையைப் புடிச்சு நிறுத்திரு"ன்னாங்க. கண்ணுல தண்ணி. நானும், "ஆகட்டுங்க அண்ணி"ன்னேன்.

கிமோனோ கட்டிட்டுப் போலாம்னு சொன்னது நான்தான். மகன் கல்யாணம் கேக்க வர்ற அம்மா அவங்க ஊர்த் துணியைக் கட்டிட்டு வந்தா, அந்தம்மாவுக்கு எத்தனை சந்தோசமா இருக்கும்னு சொன்னேன். நல்ல யோசனைதானுங்களே? ஓகாமி சான் பெரிய மனசு பண்ணி, பீரோவுல வெச்சிருந்த பழைய பட்டை எடுத்துக் குடுத்தாங்க. சாம்பல் நெறம், கீழ மட்டும் நாணல் வேலைப்பாடு.

இதே ரூமுதான். நீங்க நிக்கற எடத்துலதான் நின்னாங்க. உள்பாவாடை, உள்சட்டை எல்லாம் போட்டு உட்டேன். மேலங்கியைத் தோள்ல போட்டேன். சரி, இப்ப மடிக்கறது எப்படின்னு சொல்றேன்னு வாயைத் தொறந்தேன். கையைத் தட்டி உட்டாங்க. "உடு அம்மிணி. துணி கட்டறதுக்கு நீ எனக்குச் சொல்லிக் குடுக்கணுமா?"ன்னுட்டு, சேலை கட்டற அதே வீச்சுல வலதை இழுத்து மேல போட்டு இடுப்புல புடிச்சுட்டு நின்னாங்க. கண்ணாடியில தன்னைப் பாத்துச் சிரிச்சாங்க. "பாத்தயா, எப்படி விழுகுதுன்னு?"

ஓபி என்ற கையில இருந்துச்சு. இந்தா, உங்களுக்கு இப்பச் சுத்தறேனே, இடுப்புல கட்டற இந்த அகலப் பட்டைதான். இது சுத்தியாச்சுன்னா அப்பறம் பிரிச்சுக் கட்டறதுன்னா பாதி நேரம் போயிரும். நான் ஒரு நிமிசம் நின்னேன்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா நீங்களே சொல்லுங்க, மூத்தவங்க வேண்டாம்னு சொன்னதுக்கு மேல நான் கையைப் புடிச்சுத் திருத்துனா அது மரியாதையா? தப்புப் பண்ணினா நிறுத்துன்னும் அவங்கதான் சொன்னாங்க, சொல்லிக் குடுக்க வேண்டாம்னும் அவங்கதான் சொன்னாங்க. நான் எதைக் கேக்கறது? கடைசியாச் சொன்னதைக் கேட்டேன். அது மேலயே ஓபியைச் சுத்தி, நல்லா இறுக்கிக் கட்டி உட்டேன். என்ற வேலையில அன்னிக்குக் கட்டுன மாதிரி சுத்தமா நான் கட்டுனதே இல்லைங்க. கழுத்துல அந்த மடிப்பு அப்படியே கோடு கிழிச்ச மாதிரி நின்னுச்சு.

வாசல்ல நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்தேன். பின்னால பூமரம். ஓகாமி சான் அப்ப வெளிய போயிருந்தாங்க, அவங்க பாக்கலை.

தரணி ஸ்டேசன்ல வந்து சேந்துக்கிட்டான். அவனுக்கு என்னங்க தெரியும், கோட்டும் டையும்தான் தெரியும். "அம்மா, சூப்பரா இருக்கறீங்க"ன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டான். "நீ அங்க வாயைத் தொறக்கக் கூடாது, பொண்ணு கேக்கறப்ப மாப்பிள்ளை பேசறது நம்ம பழக்கமில்லை, அத்தை சொல்லட்டும்"னு அண்ணி கண்டிசனா சொல்லிட்டாங்க. அதனால அங்க நடந்ததை எல்லாம் தமிழ்லயும் ஜப்பான் பாஷையிலயும் எடுத்துச் சொன்னது நான் ஒருத்திதான்.

ஓகுரா அம்மா கதவைத் தள்ளித் தொறந்து, மண்டி போட்டுக் குனிஞ்சு நிமிந்தாங்க. நிமிந்தவங்க கண்ணு அண்ணி கழுத்துல வந்து நின்னுச்சு. அவங்களுக்குப் பின்னால அவங்க வீட்டுக்காரர் படம், முன்னால ஊதுவத்தி பொகையுது. அந்த மனுசனுக்கு மூணு மாசம் முன்னாலதான் அந்தக் கையாலயே அப்படி மடிச்சு உட்டிருப்பாங்க. ஆனா மூஞ்சியில ஒரு சுளிப்பு இல்லைங்க! அதுதான் கியோட்டோ. சிரிச்சுட்டே, "எத்தனை அழகாக் கட்டியிருக்கீங்க. நீங்களே கட்டினீங்களா?"ன்னு கேட்டாங்க.

நான் அதை அப்படியே அண்ணிக்குச் சொன்னேன். ஒரு எழுத்து கூட்டலை, ஒரு எழுத்து கொறைக்கலை. அண்ணிக்கு முகமெல்லாம் பல்லு. "ஆமாங்க, நானேதான். யாரும் சொல்லித் தரலைன்னு சொல்லு அம்மிணி. எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லைன்னு சொல்லு." அதையும் அப்படியே ஜப்பான் பாஷையில சொன்னேன். ஓகுரா அம்மா இன்னொருக்காக் குனிஞ்சாங்க.

இதுக்கு நடுவுல சியோரி என்னை நடையில தனியாக் கூப்பிட்டா. பாவம், மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. "தபமணி சான், அவங்களுக்குத் தெரியாம நடந்திருக்கும். பின்னால ரூமுல மாத்திக் கட்டிரலாம், நான் அம்மாகிட்டச் சொல்லிக்கறேன். தெரியாமத்தானே?" அந்தப் புள்ள என்ற கையைப் புடிச்சுட்டு நின்னுது. "நீங்க சொல்லலையா அவங்ககிட்ட?"

நான் உள்ளதைச் சொன்னேனுங்க. "நான் சொல்ல வந்தேன். வேண்டாம்னு என்ற கையைத் தட்டி உட்டுட்டாங்க. அவங்களே இஷ்டப்பட்டு அப்படித்தான் மடிச்சாங்க"ன்னேன். இதுல ஒரு சொல்லு பொய்யிருக்குதுங்களா? தேடிப் பாருங்க. இருக்காது.

அந்தப் புள்ள கையை எடுத்துருச்சு. "அப்படியா"ன்னுது. அவ்வளவுதான். அப்பறம் உள்ள வந்து தேநீர் ஊத்துச்சு, எங்க அண்ணி பக்கம் திரும்பிக் கூடப் பாக்கலை. அண்ணி என்னடான்னா, "பொண்ணு எத்தனை அடக்கம் பாரு, நிமிந்து பாக்க மாட்டேங்குது"ன்னு என்ற காதுல சொல்றாங்க.

கொஞ்சம் குனியுங்க. முடிச்சு மேல வரணும். ஏனுங்க இப்படி வேர்க்குது? சன்னலைத் தொறந்து உடட்டுங்களா?

பொறகு அண்ணி முறையாக் கேட்டாங்க. மண்டி போட்டு, முட்டி வலியோட, பத்து நிமிசம் பேசுனாங்க. மருமவளா இல்லை, மகளா வெச்சுக்கறேன்னாங்க. தன்ற நகையெல்லாம் அவளுக்குத்தான்னாங்க. ஆவணியில கோபியில கண்ணாலம், நீங்க எல்லாரும் வரணும், எங்க ஊட்டுல ஒரு மாசம் தங்கணும்னாங்க. நான் அத்தனையும் சொன்னேன். கேட்டுட்டு ஓகுரா அம்மா சிரிச்சுட்டே, "ஓகினி"ன்னாங்க.

நன்றிங்கறாங்கன்னு அண்ணிகிட்டச் சொன்னேன். நன்றின்னுதானே அர்த்தம்?

எந்திரிச்சு வாசலுக்கு வந்தாச்சு. அப்ப அந்தம்மா, "கோபி ரொம்ப நல்ல ஊராமே. ஊர்ல எல்லாரும் உங்களை எதிர்பாத்துட்டே இருப்பாங்களே"ன்னாங்க. இதுக்கும் உங்களுக்கு அர்த்தம் சொல்லித் தர்றேன். இந்த ஊர்ல எந்திரிச்சுப் போன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உன்ற ஊரு எத்தனை நல்லா இருக்கும், உனக்காக எத்தனை பேரு காத்துட்டு இருப்பாங்கம்பாங்க. இங்க உனக்கு எடமில்லை, போனாத் திரும்பி வரவே வேண்டாம்னு அர்த்தம். இந்த ஊர்க் கொழந்தைக்குக் கூடத் தெரியும், ஆபீஸ் பாஷை மட்டும் பேசற தரணிக்குத் தெரியாது. அண்ணிக்கு நான் வார்த்தையை மட்டும் சொன்னேன். அவங்களுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. "பாரு அம்மிணி, எத்தனை பிரியமா விசாரிக்கறாங்க. நம்ம ஒறம்பரையில யாராவது இப்படிக் கேப்பாங்களா?" தெரு முக்கு வரைக்கும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டுட்டே வந்தாங்க. எனக்குச் சிரிப்பை அடக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

ஊருக்குப் போன கையோட ஊடு ஊடாப் போய்ச் சொல்லிட்டாங்க. சம்பந்தியம்மா கோபியைப் பத்தி விசாரிச்சாங்க, ஆவணியில வர்றாங்கன்னு. மண்டபம் பேசிட்டாங்க, சமையக்காரருக்குச் சொல்லிட்டாங்க. நான் எடுத்த போட்டோவைப் பெருசாப் போட்டு, சட்டம் மாட்டி, முன்பக்க ஆசாரக் கூடத்துல வாசலுக்கு நேரா மாட்டி வெச்சிருக்காங்களாம். ஜப்பான் துணி கட்டிட்டு, வலது மேல, சிரிச்சுட்டு நிக்கறாங்க. ஊரே வந்து பாத்துட்டுப் போச்சாம். மாலை ஒண்ணுதான் போடலை.

வைகாசியில சியோரி தரணிகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டா. "உங்க அம்மாவுக்கு இதுல விருப்பமில்லை. எங்கப்பா படத்துக்கு முன்னால, தெரிஞ்சே அப்படி வந்து நின்னு அதைச் சொல்லிட்டுப் போனாங்க. அத்தனை வெறுப்பு இருக்கற ஊட்டுக்கு நான் எப்படி வர்றது?"ன்னாளாம். அவன் ராவோட ராவா அவங்கம்மாவுக்குப் போன் போட்டு, "ஏம்மா இப்படிப் பண்ணினீங்க, பிடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாமே"ன்னு கத்தியிருக்கான். அவங்களுக்கு என்ன ஏதுன்னே புரியலை. அதோட அம்மாகிட்டப் பேசறதை நிறுத்திட்டான்.

இப்ப அண்ணி தெனமும் எனக்குப் போன் பண்றாங்க. வெளிய தல காட்டறதில்லையாம். மண்டபத்துக்காரன் கேக்கறான், ஒறம்பரை கேக்கறாங்க, அந்தப் போட்டோவுக்கு அடியிலயே நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்காங்களாம். "அம்மிணி, நீ பக்கத்துலயே இருந்தயே. நான் என்ன தப்புப் பண்ணினேன்? அந்தப் புள்ளை மனசு நோகற மாதிரி என்ன சொன்னேன்? எனக்குச் சொல்லு, கால்ல வேண்ணாலும் விழுகறேன்." கமலவேணி அண்ணி, என்கிட்ட! சொல்லித் தரச் சொல்லிக் கேக்கறாங்க!

"தெரியலையேங்க அண்ணி"ம்பேன். "நீங்க ஒண்ணும் தப்பா சொல்லலையே, வார்த்தைக்கு வார்த்தை நான்தானே சொன்னேன்"ம்பேன். அது உண்மைதானுங்களே. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் அழுவாங்க. நான் பொறுமையாக் கேட்டுக்குவேன். போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு, வெங்காயம் உரிச்சுட்டே கேட்டுக்குவேன். வேற யாரு இருக்கா அவங்களுக்கு?

எங்க ஊட்டுக்காரரு மட்டும் ஒருக்காக் கேட்டாரு, "இந்த வேலையிலயே இருக்கறவ நீ. எது மேல எது கீழன்னு உனக்குத் தெரியாதா?"ன்னு. "உங்க அக்காளையே கேளுங்க, நான் சொல்ல வந்தப்ப யாரு கையைத் தட்டுனாங்கன்னு"ன்னேன். அதோட அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. நாலஞ்சு மாசமா அடுத்த ரூமுலதான் படுக்கறாரு. குறட்டை உடறவரு, எனக்கும் நல்லதாப் போச்சு.

அவ்வளவுதான், முடிஞ்சுது. கண்ணாடியில பாருங்க. என்னங்க, திரும்பத் திரும்பக் கழுத்தைத் தொட்டுப் பாக்கறீங்க? இடதுதான் மேல இருக்குது. உங்க மேல எனக்கு என்ன கோவம், மாத்திக் கட்டறதுக்கு? நீங்க வந்ததுலருந்து "ங்க" போட்டுத்தானே பேசறீங்க.

பயப்படாதீங்க, அடுத்து ஓகாமி சான் உங்களைத் தேநீருக்குக் கூப்பிடுவாங்க. அவங்ககிட்ட இந்தக் கதையெல்லாம் சொல்ல வேண்டாம். அவங்க ஓகுரா ஊட்டுக்கு ஒரு நாளு தனியாப் போயிட்டு வந்தாங்க, தலை குனிஞ்சு வந்தாங்க, எதுக்குன்னு சொல்லலை. பெரிய மனுசிங்க எதையும் வெளிய காட்டிக்க மாட்டாங்க. என்கிட்ட மட்டும் இப்ப முன்னை விடப் பிரியம். உள்ளூர்க்காரங்களுக்குக் கட்டறதையெல்லாம் வேற ஆள்கிட்டக் குடுத்துட்டாங்க, "உங்களுக்கு எத்தனை சிரமம்"னு. எனக்குன்னு இப்ப உங்களை மாதிரி ஒண்ணு ரெண்டு பேருதான்.

நேத்து வேலை முடிஞ்சு நான் கெளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்தாங்க. முதலாளியம்மா, என்னை வழியனுப்ப! நானும் சந்தோசத்துல, அடுத்த வருசம் இங்கயே வாசல்ல என்ற பேரைப் பலகையில எழுதி மாட்டறதைப் பத்திக் கேட்டேன். எத்தனை வருசமா மனசுல இருந்தது. சிரிச்சுட்டே "ஓகினி"ன்னாங்க. அப்பறம் என்ற கையை ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு, "தபமணி சான், தீபாவளி வருதாமே. ஊர்ல எல்லாரும் உங்களை எதிர்பாத்துட்டே இருப்பாங்களே"ன்னாங்க.

அப்பா போனதுக்கப்பறம் ஊர்ல என்னை எதிர்பாக்க யாரு இருக்கா? ஆனா ஒருத்தங்க நம்மளைப் பத்தி அப்படி நெனைக்கறாங்கன்னு கேக்கறப்ப எத்தனை நல்லா இருக்குது தெரியுங்களா? தெரு முக்கு வரைக்கும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டுட்டே போனேன்.